2050-இல் இவ்வளவு பற்றாக்குறை என்று காட்டும் கோடு எங்கிருந்து வருகிறது?

இளவேனில் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இரண்டு மாதமாக வெவ்வேறு நாடுகளின் தேசிய நீர்த் திட்டங்களை எடுத்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். எதைத் திறந்தாலும் முதல் சில பக்கங்களுக்குள் கிட்டத்தட்ட ஒரே படம் வந்துவிடுகிறது. இரண்டு கோடுகள். தேவை மேலே ஏறிக்கொண்டே போகிறது. இருப்பு படுத்துக் கிடக்கிறது, அல்லது லேசாகச் சரிகிறது. நடுவில் சிவப்பாக ஓர் இடைவெளி. அப்புறம் மீதிப் பக்கங்கள் முழுக்க அந்தச் சிவப்பை எதைக் கொண்டு நிரப்பலாம் என்பதுதான்: அணை, ஆற்று இணைப்பு, கடல்நீர் ஆலை.

அந்த ஏறுகிற கோட்டை யார் போடுகிறார்கள், எப்படிப் போடுகிறார்கள்? மக்கள்தொகையை ஆளுக்கு இத்தனை லிட்டர் என்று பெருக்கி வைப்பதுதானா? அது தவறாக இருந்தால் அதன் மேல் கட்டியிருக்கும் அத்தனை பக்கங்களும் ஆட்டம் காணுமே. இந்தத் துறையில் வேலை பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

---

ஆற்றுமணல்

இருபது ஆண்டுக்கு மேல் அந்தக் கோட்டைப் போடும் வேலையில் இருந்தவன் நான். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

வீட்டு உபயோகத்துக்கு நீங்கள் சொன்னபடிதான்: மக்கள்தொகை, ஆள்வீதம் லிட்டர், அதன் மேல் குழாய்க் கசிவுக்கு ஒரு சதவீதம். தொழிலுக்குப் பொருளாதார வளர்ச்சி விகிதத்தை எடுத்து அப்படியே தண்ணீர் மேல் ஏற்றிவிடுவோம். பாசனத்துக்கு எத்தனை ஏக்கர், ஏக்கருக்கு எவ்வளவு. மூன்றையும் கூட்டினால் கோடு தயார். இன்றைய பழக்கம் முப்பது ஆண்டு கழித்தும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோமே, அங்கேதான் கணக்கு நொண்டுகிறது.

அமெரிக்காவைப் பாருங்கள். 1980-இல் ஆறு, ஏரி, நிலத்தடி எல்லாம் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 43,000 கோடி கேலன் எடுத்தார்கள். இது ஏறிக்கொண்டேதான் போகும் என்பது அன்றைய பல கணிப்புகளின் முடிவு. 2015-இல் எடுத்தது சுமார் 32,200 கோடி கேலன். இதற்கிடையில் மக்கள்தொகை ஏறக்குறைய 23 கோடியிலிருந்து 32 கோடியாகிவிட்டது, பொருளாதாரமும் பல மடங்கு பெருகிவிட்டது. என்ன நடந்தது? ஆற்று நீரை ஒருமுறை உள்ளே விட்டுச் சூடாக வெளியே தள்ளிக்கொண்டிருந்த மின்நிலையங்கள், அதே நீரைச் சுழற்றிச் சுழற்றிக் குளிர்விக்கும் முறைக்கு மாறின. 1992-இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி புதிய கழிப்பறைத் தொட்டி ஒருமுறைக்கு 1.6 கேலனுக்கு மேல், அதாவது சுமார் 6 லிட்டருக்கு மேல் விடக்கூடாது. வயலில் பாத்தி நிறைய விட்டது குறைந்து தெளிப்பான் பெருகியது. இது எதுவுமே 1970-களில் கோடு போட்டவர்களின் மேசையில் இல்லை.

இருப்புக் கோட்டிலும் இதே அளவுக்குத் தவறு வரும். கொலராடோ ஆற்றை 1922-இல் பங்கு போட்டபோது மேல் மாநிலங்களுக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி (ஓர் ஏக்கரில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் நீர்தான் ஓர் ஏக்கர்-அடி), கீழ் மாநிலங்களுக்கு 75 லட்சம் என்று எழுதினார்கள். 1944-இல் மெக்சிகோவுக்கு இன்னும் 15 லட்சம். ஆனால் அவர்கள் அளந்து பார்த்த ஆண்டுகள் வழக்கத்தைவிட ஈரமானவை. பிற்பாடு பழைய மரங்களின் வளையங்களைக் கொண்டு பல நூற்றாண்டு ஓட்டத்தைக் கணக்கிட்டபோதுதான் ஆற்றில் அவ்வளவு தண்ணீர் ஒருபோதும் நிரந்தரமாக இல்லை என்று புரிந்தது. காகிதத்தில் எழுதிய பங்கு, ஆற்றைவிடப் பெரியதாக இருந்தது. 2021 ஆகஸ்டில் அந்த ஆற்றின் கீழ்ப் பகுதிக்கு முதல் முறையாகப் பற்றாக்குறை அறிவிக்க வேண்டிவந்தது.

அதனால் இளவேனில், அந்தச் சிவப்பு இடைவெளி இரண்டு ஊகங்களுக்கு நடுவே இருக்கிறது. அதை ஒற்றை எண்ணாக யாராவது காட்டினால் முதலில் அவரை நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

---

செம்புலம்

ஆற்றுமணல் ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் அந்த அமெரிக்க உதாரணம் எனக்கு நெருடுகிறது.

ஒன்று, ஒரு நாடு குறைவாக எடுக்கிறது என்பதாலேயே குறைவாகச் செலவழிக்கிறது என்றாகிவிடாது. துணியும் தானியமும் வேறு நாட்டில் விளைந்து வந்தால் அந்தத் தண்ணீர் விளைந்த நாட்டின் கணக்கில்தான் ஏறும். டோனி ஆலன் என்ற ஆய்வாளர் இதைத்தான் மறைநீர் என்று விளக்கினார், அதற்காக 2008-இல் ஸ்டாக்ஹோம் நீர் விருதும் பெற்றார்.

இரண்டாவது இன்னும் முக்கியம். ஏற்கெனவே தாராளமாகச் செலவழித்த நாடு இறங்கி வருவது வேறு கதை. குழாயே இல்லாத வீடு எந்தத் தேவைக் கோட்டில் இருக்கிறது? மீட்டர் இல்லை, இணைப்பு இல்லை, அதனால் அந்த வீட்டின் தேவை பூஜ்யம் என்று பதிவாகிறது. தினமும் தலையில் குடம் சுமக்கும் பெண் ஏற்கெனவே மிச்சம்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவரைப் பொறுத்தவரை கோடு ஏறத்தான் வேண்டும். "தேவையைக் கட்டுப்படுத்து" என்ற வாசகம் எப்போதும் தாராளமாக இருப்பவர் வாயிலிருந்து தொடங்கி, இல்லாதவர் தலையில் போய் முடிகிறது. இதைப் பார்த்துப் பார்த்துத்தான் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்கா 1998 நீர்ச் சட்டத்தில் ஒரு நல்ல காரியம் செய்தது. ஆற்றுத் தண்ணீரை யாருக்கும் பங்கு வைப்பதற்கு முன் ஒரு பகுதியைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்: மனிதரின் அடிப்படைத் தேவைக்கு ஒன்று, ஆறு ஆறாக இருப்பதற்கு ஒன்று. இதற்கு ஒதுக்கீடு என்றே பெயர். மற்ற எல்லாப் பயனும் அதற்கு அப்புறம். என்னைக் கேட்டால் தேசியத் திட்டத்தின் முதல் பக்கத்தில் வர வேண்டியது இதுதான். வரைபடம் இரண்டாம் பக்கத்தில் வரட்டும்.

---

ஆற்றுமணல்

ஏற்றுக்கொள்கிறேன் செம்புலம். இணைப்பு இல்லாத வீட்டைப் பூஜ்யம் என்று போட்டுக் கணக்கை முடித்த கைகளில் என் கையும் உண்டு. அன்றைக்கு அது தவறாகத் தோன்றவில்லை.

---

கசிவுதேடி

நான் குழாய் வலைப்பின்னலில் கசிவு பிடிக்கும் வேலை பார்க்கிறேன். எங்கள் வேலை நடப்பது இரவு இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை. ஊர் தூங்கும் நேரம். ஒரு பகுதிக்குள் நுழையும் பெரிய குழாயில் மீட்டர் வைத்துப் பார்ப்போம். யாரும் குளிக்கவில்லை, துவைக்கவில்லை, ஆனாலும் மீட்டர் ஓடுகிறது. அப்படி ஓடுவதில் பெரும்பகுதி மண்ணுக்குள் போகிற தண்ணீர். அப்புறம் வால்வை ஒவ்வொன்றாக அடைத்து, எந்தத் தெருவை அடைத்தால் மீட்டர் சட்டென்று விழுகிறது என்று தேடுவோம். கடைசியில் தெருவில் குனிந்து, கம்பியைக் குழாய் மேல் வைத்துக் காதால் கேட்போம். ஓட்டை இருந்தால் சீறும்.

திட்ட ஆவணங்களில் இந்தத் தண்ணீரும் "தேவை" என்ற தலைப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதாவது மண் குடித்ததையும் மக்கள் குடித்ததாக எழுதி, அதை மக்கள்தொகை வளர்ச்சியால் பெருக்கி, 2050-க்கு அணை கேட்கிறார்கள்.

கம்போடியாவின் புனோம் பென் நகரம் என் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்த கதை. போரிலிருந்து மீண்டிருந்த நகரம். 1993-இல் சுத்திகரித்து அனுப்பிய தண்ணீரில் 72 சதவீதத்துக்குக் காசு வரவில்லை: கசிவு, திருட்டு இணைப்பு. எக் சொன் சான் என்பவர் தலைமையில் எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தார்கள், செல்வாக்குள்ளவர் வீடு என்று எதையும் விடவில்லை, பழைய குழாயை மாற்றினார்கள், கசிவுக்கு இரவும் பகலும் ஆள் நிறுத்தினார்கள். பதினைந்து ஆண்டுக்குள் இழப்பு 6 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. தண்ணீரும் நாள் முழுக்க வந்தது. அந்த மிச்சத்தைக் கொண்டுதான் ஏழைக் குடியிருப்புகளுக்கு இணைப்பு கொடுத்தார்கள். செம்புலம் சொன்ன வீடுகளுக்குத் தண்ணீர் அந்தக் குழாய்களுக்குள்ளேயே இருந்தது.

இங்கிலாந்து தன் தேசிய நீர்க் கட்டமைப்பில் 2050-க்குள் கசிவைப் பாதியாக்குவதையும், ஆளுக்கு நாளொன்றுக்கு 110 லிட்டராகக் கொண்டுவருவதையும் இலக்காக எழுதிவைத்திருக்கிறது. இதையெல்லாம் எழுத்தில் வைத்துவிட்டுப் புதிய நீர்த்தேக்கத்தைப் பற்றிப் பேசினால் எனக்கு மறுப்பு இல்லை.

---

வரப்பு

நகரத்துத் தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உலகத்தில் எடுக்கிற நன்னீரில் பத்தில் ஏழு பங்கு விவசாயத்துக்குத்தான் போகிறது. வீட்டுக்கு ஒரு பங்கு அளவுதான். அதனால் என் அனுபவத்தையும் கேளுங்கள்.

எனக்குக் கிணற்றுப் பாசனம். முன்பு மூன்று ஏக்கருக்கு வாய்க்காலில் விட்டுப் பாய்ச்சினேன். மானியம் கிடைத்ததும் சொட்டுநீர்க் குழாய் போட்டேன். மோட்டார் ஓடும் நேரம் பாதியாகிவிட்டது. உண்மையாகவே மகிழ்ச்சி. நாட்டுக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தேன். சரி, தண்ணீர்தான் மிஞ்சுகிறதே என்று தரிசாகக் கிடந்த இரண்டு ஏக்கரையும் சேர்த்து ஐந்து ஏக்கருக்குக் காய்கறி வைத்தேன். மூன்றாவது ஆண்டு, எனக்குக் கீழே நிலம் வைத்திருப்பவர் வந்து நின்றார். அவர் கிணற்றில் ஊற்று வற்றிவிட்டது. என் பழைய வாய்க்காலில் "வீணாக" இறங்கிக்கொண்டிருந்த தண்ணீர்தான் அவர் கிணற்றுக்கு ஊற்றாகப் போய்க்கொண்டிருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நான் யாரையும் ஏமாற்றவில்லை. அரசு சொன்னதைத்தான் செய்தேன். ஆனால் எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பார்த்தால் தண்ணீர் குறைந்துதான் போயிற்று.

---

இளவேனில்

வரப்பு ஐயா, இதை வாசித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். நான் வாசித்த ஆவணங்களில் பலவும் "பாசனத் திறனைக் கூட்டினால் இத்தனை கோடி கன மீட்டர் மிச்சம்" என்று தேவையிலிருந்து நேராகக் கழித்துவிடுகின்றன. நீங்கள் சொல்வது சரியென்றால் அந்தக் கழித்தலே தவறா?

---

ஆற்றுமணல்

பெரும்பாலான இடங்களில் தவறுதான். நீர்க்கணக்கில் எனக்குத் தெரிந்து மிகப் பெரிய குழப்பம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

எடுக்கிற தண்ணீர் ஒன்று, தீர்ந்துபோகிற தண்ணீர் வேறொன்று. வயலுக்கு நூறு குடம் விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிர் உறிஞ்சி இலை வழியே காற்றில் விடுவது, மண்ணிலிருந்து ஆவியாவது எல்லாம் சேர்த்து ஐம்பது குடம். அது அந்தப் படுகையை, அதாவது ஒரே ஆற்றையோ நிலத்தடி நீரையோ பகிர்ந்துகொள்ளும் பகுதியை, விட்டுப் போய்விட்டது. மீதி ஐம்பது கீழே இறங்கி நிலத்தடிக்கோ, ஓடி ஆற்றுக்கோ திரும்புகிறது. அதை அடுத்தவர் எடுக்கிறார். அவரிடமிருந்து இறங்குவதை அதற்கடுத்தவர். சொட்டுநீர் போட்டால் நீங்கள் எழுபது குடம்தான் எடுப்பீர்கள், ஆனால் அதில் அறுபதைப் பயிர் தீர்த்துவிடும், ஏனென்றால் விளைச்சல் கூடுகிறது, பரப்பும் கூடுகிறது. உங்கள் மீட்டரில் முப்பது குடம் மிச்சம். படுகைக் கணக்கில் பத்துக் குடம் கூடுதல் இழப்பு. இரண்டுமே உண்மை.

கான்சஸ் மாநிலத்தில், ஒகலாலா நிலத்தடிப் படுகையின் மேல், குறைந்த உயரத்தில் நீர் சொரியும் தெளிப்பான்களுக்கு மாற அரசு உதவிப் பணம் கொடுத்தது. பிற்பாடு ஆராய்ந்து பார்த்தால் நிலத்தடி நீர் எடுப்பு குறையவில்லை, கொஞ்சம் கூடியே இருந்தது. அதிகம் குடிக்கும் பயிருக்கு விவசாயிகள் மாறியதும் ஒரு காரணம்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். திரும்பும் நீர் உப்பு நிலத்துக்குள்ளோ கடலுக்குள்ளோ போகிற இடத்தில் மிச்சம் உண்மையான மிச்சம். கடலோர நகரத்தின் கழிவுநீர் அப்படிப்பட்டதுதான். அதனால்தான் அங்கே மறுசுழற்சிக்கு இவ்வளவு மதிப்பு. இஸ்ரேல் தன் கழிவுநீரில் ஏறக்குறைய 90 சதவீதத்தைச் சுத்திகரித்து வயலுக்கு அனுப்புகிறது. நமீபியாவின் விண்ட்ஹுக் நகரம் 1968-இலிருந்தே சுத்திகரித்த கழிவுநீரை நேரடியாகக் குடிநீரில் சேர்க்கிறது. உள்நாட்டில், ஆற்றின் நடுவே இருக்கும் ஊர் அதையே செய்தால் கீழ் ஊரின் பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறது.

ஆக, திறனைக் கூட்டுங்கள், தடையில்லை. ஆனால் படுகைக்கு ஓர் உச்சவரம்பு வைத்துவிட்டுக் கூட்டுங்கள். வரம்பு இல்லாமல் மானியம் மட்டும் கொடுத்தால் வரப்பு சொன்னதுதான் நடக்கும். முர்ரே-டார்லிங் படுகையில் ஆஸ்திரேலியா 1995-இல் எடுப்புக்கு வரம்பு கட்டியது. சீனா 2012-இல், 2030-க்குள் நாடு முழுக்கச் சேர்த்து ஆண்டுக்கு 70,000 கோடி கன மீட்டரைத் தாண்டக்கூடாது என்று சிவப்புக் கோடு போட்டது.

---

பனித்துளி

எனக்கு இதெல்லாம் தேவையில்லாத சுற்றுவழியாகத் தெரிகிறது. கடல் இருக்கிறது. ஆலை கட்டினால் எவ்வளவு வேண்டுமானாலும் தண்ணீர். பணக்கார நாடுகள் அதைத்தானே செய்கின்றன?

---

உப்புக்காற்று

பனித்துளி, நான் அப்படி ஓர் ஆலையில்தான் வேலை செய்கிறேன், அதை நேசித்தும் செய்கிறேன். அதனாலேயே அதன் எல்லையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆயிரம் லிட்டர் நன்னீர் எடுக்க கடல்நீரைச் சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் இன்றைய நல்ல ஆலைகள் 3 முதல் 4 யூனிட் மின்சாரம் எடுக்கின்றன. இது பழைய காலத்தைவிட எவ்வளவோ குறைவு. ஆனால் இயற்பியலே போட்ட ஒரு தரை இருக்கிறது, அது 1 யூனிட்டுக்குப் பக்கத்தில். இனிமேல் பெரிய இறக்கம் வர இடமில்லை. குடிப்பதற்கும் தொழிலுக்கும் இந்தச் செலவு தாங்கும். ஒரு கிலோ கோதுமை விளைய ஆயிரம் லிட்டருக்கும் மேல் வேண்டும் என்று வைத்துப் பாருங்கள், ஒரு கிலோவுக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் மின்சாரம். விவசாயத்தின் பத்தில் ஏழு பங்கு தேவையை ஆலையால் ஈடுகட்ட முடியாது. அத்தோடு உள்ளே இழுக்கும் கடல்நீரில் பாதிக்கு மேல் அடர் உப்புநீராகக் கடலுக்கே திரும்புகிறது. அதைக் கவனமாகக் கலந்து விட வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, ஆலைக்குள் இருப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். மெல்பர்னில் கடும் வறட்சியின்போது, 2007-இல், பெரிய ஆலை கட்ட முடிவெடுத்தார்கள். ஆண்டுக்கு 15,000 கோடி லிட்டர் தரக்கூடியது. கட்டி முடித்தது 2012 இறுதியில். அதற்குள் மழை வந்து அணைகள் நிரம்பிவிட்டன. 2016 வரை ஒரு சொட்டுக்கும் உத்தரவு வரவில்லை. ஆனால் ஆலை இருப்பதற்கான ஆண்டுக் கட்டணத்தை மக்கள் தண்ணீர்க் கட்டணத்தில் செலுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். சிட்னி ஆலையையும் 2012-இல் நிறுத்தி 2019-இல் மறுபடி ஓட்டினார்கள். அதே நாட்டில் பெர்த் நகரத்தைப் பாருங்கள். 1970-களின் நடுவிலிருந்து அங்கே மழை குறைந்து, அணைக்கு வரும் நீர் பாதிக்கும் கீழே போய்விட்டது, திரும்ப ஏறவும் இல்லை. 2006-இல் திறந்த அவர்கள் ஆலை அன்றிலிருந்து நகரத்தின் அன்றாட ஆதாரம். ஒரே தொழில்நுட்பம்தான். ஒரு நகரத்துக்கு வந்தது வறட்சி, இன்னொன்றுக்கு வந்தது நிரந்தரமான மாற்றம். எது எது என்று நடந்துகொண்டிருக்கும்போதே சொல்வது மிகக் கடினம். அந்த முடிவை எடுத்தவர்கள் மேல் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை.

சிங்கப்பூர் இதை ஆற அமரச் செய்தது. 1962 ஒப்பந்தப்படி மலேசியாவின் ஜொகூரிலிருந்து நாளுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம், அது 2061-இல் முடிகிறது. அந்த நாளை மனத்தில் வைத்து 1972-இலேயே முதல் நீர்த் திட்டம் போட்டார்கள். 2003-இல் மறுசுழற்சி நீர், 2005-இல் கடல்நீர், 2008-இல் மரினா அணைக்கட்டு. கூடவே கட்டணம், வரி, கசிவுக் கட்டுப்பாடு. 2003-இல் வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 165 லிட்டர், 2018-இல் சுமார் 141. பயமுறுத்தும் வறட்சி ஆண்டில் அவசரமாகக் கட்டியது என்று அதில் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் அந்த ஊரில் வயல் கிட்டத்தட்ட இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. அப்படியே பெரிய நாட்டுக்குப் படி எடுக்க முடியாது.

---

செம்புலம்

வரம்பு, கசிவு, மறுசுழற்சி எல்லாம் சரி. ஆனாலும் தண்ணீரே இல்லாத பகுதிக்கு வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். சீனாவின் தெற்கு-வடக்கு நீர்த் திட்டத்தின் நடுப்பாதை 2014 டிசம்பரில் திறந்தது, டான்ஜியாங்கோ நீர்த்தேக்கத்திலிருந்து 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடி பெய்ஜிங்குக்குப் போகிறது. பல பத்தாண்டுகளாக விழுந்துகொண்டிருந்த பெய்ஜிங்கின் நிலத்தடி நீர்மட்டம் அதற்கப்புறம் ஏறத் தொடங்கியது. அதையும் சொல்ல வேண்டுமல்லவா?

---

ஆற்றுமணல்

சொல்ல வேண்டும்தான். அந்த நீர்த்தேக்கத்தை உயர்த்தியபோது மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இடம்பெயர்ந்தார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். நான் இணைப்புக்கு எதிரி இல்லை. கொடுக்கும் படுகையின் நாளைய நிலை என்ன என்று கேட்காமல் கட்டுவதுதான் எனக்குக் கவலை.

ஸ்பெயினில் தாஹோ ஆற்றிலிருந்து செகுரா படுகைக்கு 1979-இல் நீரைத் திருப்பினார்கள். ஆண்டுக்கு 60 கோடி கன மீட்டர் வரை என்பது முதல் கட்டத் திட்டம். ஆனால் கால்வாய் திறந்த காலத்திலிருந்தே தாஹோவின் தலைப்பகுதிக்கு வரும் நீர் குறைந்துவிட்டது. பெரும்பாலான ஆண்டுகளில் அந்த அளவு போகவே இல்லை. ஆனால் பெறும் பக்கம் அதை நம்பித் தோட்டங்கள் பெருகிவிட்டன. பின்பு 2001-இல் எப்ரோ ஆற்றையும் தெற்கே கொண்டுபோகச் சட்டமே செய்தார்கள். 2004-இல் ஆட்சி மாறியதும் அது ரத்தானது, பதிலுக்குக் கடல்நீர் ஆலைகள் என்றார்கள். அந்த ஆலைத் தண்ணீர் விலை பல விவசாயிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஒரு கால்வாய் திறந்தால் அதன் முனையில் புதிய தேவை ஒன்று பிறக்கிறது. நம் வரைபடத்தில் இரண்டு கோடும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாகப் போகின்றன, நிஜத்தில் அவை அப்படிப் போவதில்லை.

---

இளவேனில்

எல்லாருக்கும் நன்றி. நான் கேட்ட கேள்வியைவிடப் பெரிய பதில்கள் வந்திருக்கின்றன. இப்போது வேறொன்று உறுத்துகிறது. சராசரி ஆண்டுக்குத் திட்டம் போடுகிறோம். மழை பொய்த்த ஆண்டில் யாருக்கு முதலில் நிறுத்துவது என்று நான் வாசித்தவற்றில் பலவற்றில் ஒரு வரிகூட இல்லை.

நெதர்லாந்தில் இருக்கிறது. அங்கே வரிசையைச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். முதல் இடம் குடிநீருக்குக்கூட இல்லை. கரைகளுக்கும், காய்ந்தால் திரும்பச் சரியாகாத கரிமண் (மட்கிய செடிகளால் ஆன மண்) நிலத்துக்கும் இயற்கைக்கும். அதற்கு அப்புறம்தான் குடிநீரும் மின்சாரமும். மூன்றாவது, கொஞ்சம் தண்ணீரில் பெரிய மதிப்பைக் காப்பாற்றக்கூடிய பயிரும் தொழிலும். கப்பல், மற்ற விவசாயம் எல்லாம் கடைசியில். முதலில் படித்தபோது விசித்திரமாக இருந்தது. ஆனால் 2003 வறட்சியில் வில்னிஸ் என்ற ஊரில் கரிமண் கரை காய்ந்து எடையிழந்து, ஒரே இரவில் நகர்ந்து ஊருக்குள் தண்ணீர் வந்தது. வறட்சியால் வெள்ளம் வந்த ஊர் அது. தங்களுக்கு எது திரும்ப வராது என்று யோசித்து அந்த வரிசையைப் போட்டிருக்கிறார்கள்.

வரப்பு ஐயா, இந்த வரிசையிலும் பெரும்பாலான வயல் கடைசி இடத்தில்தான் நிற்கிறது. உங்களுக்கு இது எப்படிப் படுகிறது?

---

வரப்பு

கடைசியில் நிற்பது எங்களுக்குப் புதிதில்லை சகோதரி. குடிக்கிற தண்ணீருக்கு முன்னால் என் காய்கறி வேண்டும் என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். 2018-இல் கேப் டவுனில் ஆளுக்கு நாளுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்படுத்தியிருந்தபோது, பக்கத்து மலைப்பகுதி விவசாயிகள் தங்கள் அணையிலிருந்து 1,000 கோடி லிட்டரை நகரத்துக்குத் திறந்துவிட்டதாகப் படித்தேன். எங்கள் ஆட்களும் அதைத்தான் செய்வார்கள்.

எங்களுக்கு வலிப்பது அறிவிப்பு வருகிற நேரம். ஆஸ்திரேலியாவில் முர்ரே-டார்லிங் படுகையில் ஒவ்வொருவர் உரிமைக்கும் இந்தப் பருவத்தில் இத்தனை சதவீதம் என்று அறிவிக்கிறார்கள். உறுதி அதிகமுள்ள உரிமை, உறுதி குறைந்த உரிமை என்று இரண்டு வகை. பழத்தோட்டக்காரர் முதல் வகையை வைத்துக்கொள்வார், ஏனென்றால் மரம் ஓர் ஆண்டு காய்ந்தால் போய்விடும். ஆண்டுப் பயிர்க்காரர் இரண்டாவதோடு சமாளிப்பார். கடும் வறட்சியில் சிலருக்குப் பூஜ்யம் என்றே அறிவிப்பு வந்தது. அது கொடுமைதான். ஆனால் பூஜ்யம் என்று முன்பே தெரிந்தால் நான் விதை வாங்கமாட்டேன், உழவுக்குக் கடன் வாங்கமாட்டேன், தண்ணீரை விற்கவோ வெளியே வேலை பார்க்கவோ வழி தேடுவேன். பயிர் பூ விட்ட பிறகு மதகை மூடினால் செய்த செலவு அத்தனையும் போயிற்று.

---

கசிவுதேடி

எவ்வளவு முன்னால் தெரிந்தால் உங்களுக்குப் போதும்?

---

வரப்பு

உழவு ஓட்டுவதற்கு நாற்பது நாள் முன்னால் தெரிந்தால் போதும். அணையில் எவ்வளவு இருக்கிறது, எனக்கு எத்தனை சதவீதம், என் பங்கை நகரத்துக்குக் கொடுத்தால் எவ்வளவு தருவார்கள், இந்த மூன்றும். எனக்கு மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் அதே மீட்டர்தான் வைத்திருக்கிறார்கள் என்றும் தெரிய வேண்டும்.

---

ஆற்றுமணல்

நாற்பது நாள் முன்பு அணை இருப்பைச் சொல்லிவிடலாம், அதில் சிரமம் இல்லை. சதவீதத்தைச் சொல்ல வேண்டுமென்றால் கிணற்றுக்கும் மீட்டர் வேண்டும், படுகைக்கு வரம்பும் வேண்டும். நான் வேலையில் இருந்த காலத்தில் அணைக்கு மட்டும்தான் அளவு வைத்திருந்தோம். கிணறுகளை எண்ணவே இல்லை. இளவேனில், உங்களிடம் இருக்கும் ஆவணங்களில் கிணறுகளை எண்ணியிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

---

இளவேனில்

இன்றிரவே முதலிலிருந்து பார்க்கிறேன்.